பத்து மணிக்கு மேல் பருந்து பார்க்கலாம்

பறவை பார்க்க வேண்டுமென்றால் விடியுமுன் எழ வேண்டும் என்பார்கள். சென்னைத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பருந்து பார்க்க அந்தக் கட்டாயம் இல்லை. டிபன் முடித்து, இரண்டாவது காபியும் குடித்துவிட்டு, ஒன்பதரை மணிக்கு மேல் பக்கத்துப் பூங்காவுக்குப் போனால் போதும். அதிகாலையில் நடக்க வந்தவர்கள் மைனா, குயில், செம்போத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் பருந்துகள் பொழைப்பைப் பார்க்கக் கிளம்பும். காரணம் சோம்பல் அல்ல, இயற்பியல்.

கரும்பருந்து இறக்கையை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். உடலின் எடையோ ஒரு கிலோவுக்கும் குறைவு. அவ்வளவு பெரிய இறக்கையை நாளெல்லாம் அடித்துக்கொண்டிருந்தால் தின்ற இரை அதற்கே சரியாகப் போய்விடும். அதனால் தரை சூடேறும்வரை அது காத்திருக்கிறது. வெயில் ஏற ஏற, கேம்ப் ரோட்டுத் தாரும் மொட்டைமாடிகளின் சிமெண்டும் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையும், அக்கம்பக்கத்து ஏரியையும் தோப்பையும் முந்திக்கொண்டு சூடாகின்றன. அவற்றை ஒட்டிய காற்று வெம்மையேறி, லேசாகி, தூணாக மேலே எழுகிறது. நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் உயரும் இந்தத் தூணுக்குள் நுழைந்துவிட்ட பருந்து இறக்கையை அசைக்காமலே உயரம் ஏறும். தூண் குறுகலானது, நேராகப் பறந்தால் வெளியே வந்துவிடும், வட்டமிடுவது அதற்காகத்தான். உச்சிக்குப் போனதும் வேண்டிய திசையில் சறுக்கி அடுத்த தூணைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் நண்பகலுக்குப் பிறகு, பன்னிரண்டு கிலோமீட்டர் போலக் கிழக்கே இருக்கும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வந்து சேரும்போது இந்தத் தூண்கள் கலையத் தொடங்கும். ஆகவே பருந்துப் பார்வைக்கு நல்ல நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பகல் ஒரு மணிவரை.

கும்பாபிஷேகத்தின்போது கருடன் வட்டமிடுவதைப் பார்க்கக் கூட்டம் அண்ணாந்து நிற்கும். முகூர்த்தம் பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அமையும். கருடன் என்று நாம் கும்பிடும் செம்பருந்து முதல் காற்றுத் தூணைத் தேடிக் கிளம்பும் நேரமும் அதுவே. கோயிலின் கல்தளம் அப்போது சூடேறத் தொடங்கியிருக்கும், பக்கத்தில் குளமும் இருக்கும். நம்பிக்கையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முகூர்த்தம் குறித்த பெரியவர்கள் வானத்தையும் கவனித்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செங்கல்பட்டுக்கு அப்பால் திருக்கழுக்குன்றம் மலைக்குப் பிரசாதம் வாங்க வந்த இரண்டு ‘கழுகு’களும் உச்சிப்பொழுதை ஒட்டியே வந்தன. அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை.

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்று பழமொழி சொல்கிறது. ஊர்க்குருவி ஒவ்வோர் அங்குலத்தையும் சொந்தச் செலவில் ஏறுகிறது. பருந்து வெயிலின் செலவில் ஏறுகிறது.

பறவைக் கையேட்டைப் பிரித்ததும் கண்ணில் படுவது நிறம். பூங்கா பெஞ்சிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்த நிறம் அநேகமாகக் கிடைக்காது. வெளிச்சம் பறவைக்குப் பின்னாலிருந்து வருவதால் எல்லாமே கறுப்பாகத் தெரியும். கிடைத்தாலும் நம்ப முடியாது. குஞ்சுக்கு ஒரு நிறம், வளர்ந்ததற்கு ஒரு நிறம், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு. தேன் பருந்தில் ஒரே இனத்துக்குள்ளேயே கிட்டத்தட்ட வெள்ளையானதும் உண்டு, காப்பிக்கொட்டை நிறத்தில் இருப்பதும் உண்டு. இரைகொல்லிப் பறவைகளை அடையாளம் காண்பது கடினம் என்ற பேச்சு வந்தது இதனால்தான். நிறத்தை விட்டுவிட்டு, ‘இது எதைத் தின்று, எப்படிப் பிழைக்கிறது?’ என்று கேட்டால் சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும். இறக்கையின் நீளம், வாலின் வெட்டு, பறக்கும் விதம், வரும் நேரம், அதைக் கண்டு மற்ற பறவைகள் என்ன செய்கின்றன என்பது எல்லாமே அந்தப் பிழைப்பை ஒட்டி அமைந்தவை.

சேலையூர் வானத்தில் முதலில் கண்ணில் படுவது கரும்பருந்து. கள்ளப்பருந்து என்றும் சொல்வார்கள். மீன் வெட்டுபவரின் கைக்கருகிலிருந்து குடலைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயருக்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். கறிக்கடைக் கழிவு, செத்த எலி, மழைக்காலத்து ஈசல், அந்திநேர வௌவால் என எதையும் ஒதுக்காது. இரையை இப்படிக் கவ்விப் பிடித்துத் தின்பதற்குச் சட்டென்று திரும்பும் திறமை வேண்டும். பிளவுபட்ட நீண்ட வால் அந்த வேலைக்கானது. தலைக்கு மேலே அது மிதக்கும்போது வாலை மட்டும் கவனியுங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். வேறெந்தப் பறவையும் நம் ஊரில் வாலை இவ்வளவு முறுக்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை. வாலை முழுக்க விரித்துவிட்டால் பிளவு மறைந்து, முனை நேர்க்கோடாகத் தெரியும். இறகு உதிர்க்கும் மாதங்களில் நடுவில் ஓரிரு இறகு இல்லாமல் வாலின் வடிவமே கெட்டுப்போகும். அதனால் ஒரே நொடிப் பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிடாமல், அது வாலைச் சுருக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

செம்பருந்தின் வால் எப்போதும் வட்ட முனை கொண்டது. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம் என்பதால் வளர்ந்த பறவையில் குழப்பமே இல்லை. குழப்புவது அதன் இளம்பறவை. முதல் ஆண்டில் அது முழுக்கப் பழுப்பாக, கரும்பருந்தின் சின்னத் தம்பி போலவே திரியும். அப்போது வால்தான் கைகொடுக்கும். குரலும் உதவும். கரும்பருந்து நடுங்கும் குரலில் நீட்டிக் கூவும். செம்பருந்து மூக்கால் சிணுங்கும். இது நீரை ஒட்டிப் பிழைப்பது. மீன், நண்டு, தவளை என்று நீரின் மேற்பரப்பிலிருந்து கால் நனையாமல் எடுத்துப் போகும். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகள் பக்கம் அது அதிகம் தென்படுவதும், கடைத்தெருவுக்கு மேல் கரும்பருந்து அதிகம் தென்படுவதும் இதனால்தான்.

கரும்பருந்து மனிதரை நம்பிப் பிழைக்கும் பறவை என்பதை ஆய்வுகள் விரிவாகக் காட்டியிருக்கின்றன. டெல்லியில் அவற்றின் கூடுகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிவரும் நிஷாந்த் குமாரும் அவருடன் பணியாற்றுபவர்களும், இறைச்சித் துண்டுகளை வானில் எறிந்து பருந்துக்கு உணவளிக்கும் வழக்கமுள்ள பழைய டெல்லிப் பகுதிகளை ஒட்டிக் கூடுகள் நெருங்கிக் கிடப்பதைக் கண்டார்கள். அதே குழு செயற்கைக்கோள் கருவி பொருத்திய வலசைப் பருந்துகள் சில, குளிர்காலம் முடிந்ததும் இமயமலையைக் கடந்து நடு ஆசியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்பெயினில் செய்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. அங்குள்ள கரும்பருந்துகள் முட்டையிடுமுன் கூட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பரப்பி வைக்கின்றன. வலுவான ஜோடிகளின் கூட்டில் துண்டுகள் அதிகம். ‘இங்கே வம்பு வைத்துக்கொள்ளாதே’ என்று மற்றப் பருந்துகளுக்கு விடும் அறிவிப்பு அது என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். செல்போன் கோபுரத்திலோ யூக்கலிப்டஸ் உச்சியிலோ இருக்கும் கூட்டிலிருந்து கந்தல் துணியும் பாலிதீன் பையும் தொங்கினால், குப்பை காற்றில் வந்து சிக்கியது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இதே பருந்து விமானிகளுக்குத் தலைவலி. காற்றுத் தூணில் அவை ஏறும் உயரமும், விமானம் இறங்கும்போதும் ஏறும்போதும் கடக்கும் உயரமும் ஒன்றே. ஒரு பருந்து எஞ்சினுக்குள் போனால் பயிற்சி விமானம் என்ன, பெரிய விமானமும் ஆட்டம் கண்டுவிடும். விமான நிலையங்களைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் விலங்கு வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் நம் விமான விதிகள் தடை செய்திருப்பது இதனால்தான். தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கத்தில் பன்னாட்டு விமான நிலையமும் இருக்க, தெருமுனையில் கோழிக்கழிவு மூட்டையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எங்கே தெரியப்போகிறது!

வானத்தை இவ்வளவு பார்த்தாயிற்று. இனி மரத்துக்குள் பார்க்க வேண்டும். உண்மையில் பூங்காவின் வேட்டைக்காரர் என்றால் அது வைரிதான். புறா அளவே இருக்கும். மேலே சாம்பல், மார்பில் குறுக்கே மெல்லிய செம்பழுப்புக் கோடுகள், தொண்டை நடுவில் ஒற்றைக் கோடு. ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் மஞ்சள். சிலர் இதையே வல்லூறு என்பார்கள்; நான் அந்தப் பெயரைக் கீழே வரும் வேறொரு கூட்டத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வைரியைக் கண்ணால் தேடினால் கிடைப்பது அரிது. காதால் தேட வேண்டும். பூங்காவில் அணில்கள் ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் ‘சிக், சிக், சிக்’ என்று கத்துகின்றனவா? தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் புதருக்குள் பாய்ந்து உள்ளிருந்தபடியே திட்டுகின்றனவா? மைனாக்கள் புல்தரையை ஒரே நொடியில் காலி செய்துவிட்டனவா? அப்படியானால் ஏதாவதொரு வேப்ப மரத்தில், அடிமரத்தை ஒட்டிய கிளையில், வைரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். பாம்போ பூனையோகூட இந்தக் கூச்சலுக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் கத்துபவை எல்லாம் மேல்நோக்கிப் பார்த்தால் வைரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதன் பிழைப்பு பதுங்கியிருந்து பாய்வது. ஓணான், எலி, அணில், சிறு பறவை, வெட்டுக்கிளி எல்லாம் இரை. கிளைகளுக்கு நடுவே பாய்வதற்கு நீள இறக்கை இடைஞ்சல். அதனால் குட்டையான, வட்ட முனை கொண்ட இறக்கை. நொடியில் திசை மாற நீண்ட வால். மரத்தைவிட்டு வெளியே வந்து பறக்கும்போது நாலைந்து தடவை வேகமாக இறக்கையடித்துவிட்டுச் சிறிது சறுக்கும், மறுபடி அடிக்கும், மறுபடி சறுக்கும். இந்தத் தாளம் ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் வைரி என்று சொல்லிவிடலாம். வெயில் ஏறியபின் அதுவும் சில நேரம் காற்றுத் தூணில் வட்டமிடும். அப்போது பருந்துகளுக்கு நடுவே அளவில் சின்னதாகத் தெரியும்.

பெண் ஆணைவிடப் பெரியது. பாலூட்டிகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இரைகொல்லிப் பறவைகளில், அதிலும் வேகமான பறவைகளைத் துரத்திப் பிடிப்பவற்றில், இந்த வித்தியாசம் கூடுகிறது. இருவரும் வெவ்வேறு அளவு இரையைப் பிடித்தால் போட்டி குறையும் என்றொரு விளக்கம் உண்டு. கூட்டைக் காக்கும் பெண் பெரிதாகவும், இரை கொண்டுவரும் ஆண் சிறிதாக, சுறுசுறுப்பாகவும் இருப்பது நல்லது என்று இன்னொன்று. அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பிடித்திருக்கிறது; ஆனால் பிடித்திருப்பது சான்றாகாது.

வைரிக்கு இரண்டு போலிகள் உண்டு. ஒன்று, குரலில். ‘டிட்யூ, டிட்யூ’ என்ற வைரியின் கூவலை இரட்டைவால் குருவி அச்சு அசலாகச் செய்துகாட்டும். அந்தக் குரலைக் கேட்டு மைனாக்கள் இரையைப் போட்டுவிட்டு ஓடும். இது நிதானமாக வந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே குரலைக் கேட்டவுடன் பதிவேட்டில் வைரி என்று எழுதிவிடாதீர்கள். மின்கம்பியில் கரிய வால் இரண்டாகப் பிரிந்து தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, தோற்றத்தில். அக்காக்குயில் வைரியைப் போலவே சாம்பல் முதுகும் கோடிட்ட மார்பும் பட்டைபோட்ட வாலும் கொண்டது. பறக்கும் தாளமும் அதேதான். மரத்தில் வந்து அமரும் விதம்கூட அதேதான். கோடையில் இரவும் பகலும் குரலை ஏற்றிக்கொண்டே போய்க் கூவும்போது அடையாளம் எளிது. கூவாமல் உட்கார்ந்திருக்கும் மாதங்களில் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். மூக்கைப் பாருங்கள்: வைரிக்குக் கொக்கியாக வளைந்த அலகு, அக்காக்குயிலுக்கு மெல்லிய நேரான அலகு. காலும் அப்படியே. ஒன்றுக்கு இரையைப் பிடிக்கும் நகம், மற்றதற்குக் கிளையைப் பற்றும் விரல் மட்டும். புழுவும் கம்பளிப்பூச்சியும் தின்பவருக்கு அலகில் கொக்கி எதற்கு?

புழு தின்னும் பறவைக்கு வேட்டைக்காரர் வேஷம் எதற்கு என்ற கேள்விக்கு, கேம்பிரிட்ஜில் நிக் டேவிஸும் ஜஸ்டின் வெல்பெர்கனும் செய்த சோதனை ஒன்று 2008இல் வெளியானது. தோட்டங்களில் சின்னப் பறவைகளுக்குத் தீனி வைக்கும் இடங்களில் பாடம் செய்த குயில், வைரியின் ஐரோப்பிய உறவான குருவிப் பருந்து, ஒன்றும் செய்யாத புறா எல்லாவற்றையும் மாறி மாறி வைத்தார்கள். சிறு பறவைகள் புறாவைச் சட்டை செய்யவில்லை. குருவிப் பருந்துக்குப் பயந்த அளவு குயிலுக்கும் பயந்தன. குயிலின் மார்புக் கோடுகளை வெள்ளைத் துணியால் மறைத்தபோது பயம் குறைந்தது. ஆக, வேஷத்தின் உயிர்நாடி அந்தக் கோடுகள். நம் அக்காக்குயில் முட்டையிடுவது தவிட்டுக்குருவியின் கூட்டில். வைரி வந்துவிட்டது என்று கூடு காலியானால் அதற்கு வேலை சுலபம்.

1937இல் ஆஸ்திரியாவின் ஆல்டன்பெர்க்கில் கொன்ராட் லோரென்ஸும் நிக்கோ டின்பெர்கனும் செய்த அட்டைச் சோதனையும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரே அட்டை உருவம். ஒரு பக்கமாக இழுத்தால் குட்டைக் கழுத்தும் நீள வாலும் கொண்ட பருந்து, மறுபக்கமாக இழுத்தால் நீளக் கழுத்து வாத்து. பருந்துத் திசையில் போனபோது வான்கோழிக் குஞ்சுகள் பதறின. பருந்தின் வடிவம் பிறவியிலேயே குஞ்சின் மூளையில் பதிந்திருக்கிறது என்று பாடநூல்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. பிறகு வொல்ஃப்காங் ஷ்லைட் வேறுவிதமாகச் செய்து பார்த்தார். குஞ்சுகள் அடிக்கடி பார்த்துப் பழகிய வடிவத்துக்குப் பயப்படவில்லை, அரிதாக வந்ததற்கே பயந்தன. அது வாத்து வடிவமாக இருந்தாலும் சரி. இதன் உள்ளூர்ச் சான்றைப் பூங்காவிலேயே பார்க்கலாம். தலைக்கு மேலே பத்துக் கரும்பருந்து வட்டமிட்டாலும் மைனா புல்லைக் கொத்திக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு வைரி வேலியைத் தாண்டினால் மைதானம் வெறிச்சோடும்.

அதே 1937இல்தான் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. 365 ஏக்கர் குறுங்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அதில் மரம் நட்டு வளர்த்தார்கள். பின்னாளில் அங்கே புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமனி, கோலத்தையும் கல்வெட்டையும் ஆராய்ந்ததோடு தாம்பரம் வட்டாரப் பறவைகளைப் பற்றியும் எழுதினார். சேலையூர் பூங்காவுக்கு வைரியும் ஆந்தையும் தேன் பருந்தும் எங்கிருந்து வருகின்றன என்று யாராவது கேட்டால், சாலைக்கு அந்தப்பக்கமுள்ள இந்தக் காட்டைத்தான் முதலில் காட்டுவேன். அடுத்து நன்மங்கலம், வண்டலூர்க் காப்புக்காடுகள். இந்த மூன்றும் இல்லாவிட்டால் பூங்காவில் கரும்பருந்து மட்டும்தான் மிஞ்சும்.

அக்டோபர் பிறந்தால் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால், அதைத் தேடித் தேன் பருந்து வரலாம். சின்னத் தலை, நீண்ட கழுத்து, நீளமான வால். முகத்து இறகுகள் செதிலைப் போல் அடர்ந்திருப்பது கொட்டுக்குக் கவசம். பெயரில் தேன் இருந்தாலும் அதற்கு வேண்டியது அடையிலுள்ள புழுக்கள்.

பள்ளிக்கரணைப் பக்கம் போனால் சேற்றுப் பூனைப்பருந்து. கோரைப்புல்லுக்கு மேலே ஆளுயரத்தில், இறக்கையை ஆங்கில ‘வி’ வடிவில் தூக்கிப் பிடித்தபடி, இப்படியும் அப்படியும் சாய்ந்து சாய்ந்து போகும். வட்டமிடும் பருந்துகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தாழ்ந்த பறத்தல் விசித்திரமாக இருக்கும். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் தவளையையும் எலியையும் நாமக்கோழியையும் மேலிருந்தே எட்டிப் பார்த்துப் பிடிப்பது அதன் பிழைப்பு. உயரே போனால் ஒன்றும் தெரியாது. 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையில் விராலடிப்பானும் தென்படும். நீருக்குள் கால் முதலாகப் பாய்ந்து மீனைத் தூக்கும் அதற்கு வெளிவிரலைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ளும் வசதியும், உள்ளங்காலில் வழுக்காத முள் செதில்களும் உண்டு.

இனி, நான் ஒதுக்கி வைத்த பெயருக்கு உரியவை. வல்லூறுகளின் இறக்கை கூர்முனை கொண்டது. பருந்தின் இறக்கை நுனியில் விரல் விரலாகப் பிரிந்திருப்பதுபோல் இதில் பிரிவு தெரியாது. விரல்கள் மெதுவாக மிதப்பதற்கு உதவுபவை, கூர்முனை வேகத்துக்கு. பொரி வல்லூறு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்துப் பாய்ந்து பறக்கும் புறாவையே அடித்துவிடும். குளிர்காலத்தில் உயரமான கோபுரங்களிலும் செல்போன் கம்பங்களிலும் அது உட்கார்ந்திருப்பதைச் சில நேரம் காணலாம். நம் அடுக்குமாடிகளில் புறாவுக்குப் பஞ்சமா என்ன? வடிவம், கொக்கி அலகு, நகம் எல்லாம் பருந்தைப் போலவே இருப்பதால் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றுதான் நீண்டகாலம் நினைத்தார்கள். 2008இல் ஷானன் ஹேக்கெட்டும் பிறரும் செய்த பெரிய மரபணு ஆய்வு அதைக் கவிழ்த்தது. வல்லூறுக்கு நெருங்கிய சொந்தம் பருந்தல்ல, கிளியும் குருவியும். பூங்கா மரத்தில் கத்தும் பச்சைக்கிளி, உறவுமுறையில் கரும்பருந்தைவிட வல்லூறுக்குக் கிட்ட. ஒரே பிழைப்பு, வெவ்வேறு வம்சங்களை ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

பிழைப்பைக் கொண்டு அடையாளம் சொல்வதற்கு இன்னும் தெளிவான உதாரணம் கருந்தோள் பருந்து. அகரம்தென் போகும் வழியில் மனை போட்டு, கல் நட்டு, வீடு கட்டாமல் புல் முளைத்துக் கிடக்கும் இடங்களுக்கு மேலே, காலையிலும் மாலையிலும் பாருங்கள். வெளிர்ச் சாம்பல் நிறம், காக்கையைவிடச் சிறியது, தோளில் கறுப்பு. வானத்தில் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கும். பிறகு காலைத் தொங்கவிட்டபடி படிப்படியாக இறங்கும். அதன் இரை எலி. அடியில் புல் இருந்தால் அது இருக்கும், வீடு வந்தால் போய்விடும்.

குளிர்காலத்தில் வரும் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறும் இப்படியே நிற்கும். எலியின் சிறுநீர்த் தடம் புற ஊதா ஒளியில் தெரியும், அதைப் பார்த்துத்தான் கெஸ்ட்ரல் வேட்டை நிலத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று 1995இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கேட்பதற்கு அற்புதமாக இருந்ததால் தொலைக்காட்சியிலும் பாடப்புத்தகத்திலும் அது நிலைத்துவிட்டது. 2013இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் இரைகொல்லிகளின் கண்ணையே அளந்து பார்த்தார்கள். விழியின் முன்பகுதி புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. சிறுநீர்த் தடத்தைப் பிரித்தறியும் அளவுக்கு அது விழித்திரைக்குப் போய்ச் சேர்வதில்லை. கதை போனாலும் கண் குறைந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் ஆப்புவால் கழுகு நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் நுணுக்கமாகப் பார்க்கும். கூர்ந்து பார்க்கும் மையக்குழி நமக்கு ஒவ்வொரு கண்ணிலும் ஒன்று. பருந்துக்கும் வல்லூறுக்கும் இரண்டு.

இருட்டிய பிறகு வேலை கைமாறுகிறது. பூங்கா விளக்குக் கம்பத்தில் அந்தியிலேயே வந்து உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மை முறைப்பது புள்ளி ஆந்தை. பழைய கட்டடங்களில் கூகை. முழு இருட்டில், ஒலியை மட்டும் கொண்டு கூகை எலியைப் பிடிக்கும் என்று காட்டியவர் ரோஜர் பெய்ன். திமிங்கிலத்தின் பாட்டை உலகுக்குக் கேட்க வைத்தவரும் அவரே. கூகையின் இரு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதை அந்த ஏற்றத்தாழ்வு சொல்லிவிடும். இவற்றில் பெரியவர் மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காட்டில் இருக்கும் கொம்பன் ஆந்தை. கைவிட்ட கல்குவாரியின் செங்குத்துப் பாறை விளிம்பில் அது வசிப்பதைப் பார்க்கச் சென்னைப் பறவை ஆர்வலர்கள் பல பத்தாண்டுகளாகப் போய்வருகிறார்கள். கூடு இருக்கும் மாதங்களில் கேமராவோடு நெருங்காமல் இருப்பது நல்லது. வீட்டு எலிக்கு வைக்கும் விஷமும் ஆந்தைக்குத்தான் போய்ச் சேரும். தின்ற எலி உடனே சாவதில்லை, தள்ளாடிக்கொண்டு வெளியே வரும், அப்படிப்பட்ட எலியைப் பிடிப்பதுதான் சுலபம்.

கருவி என்று பார்த்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். அதற்குமேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தமிழில் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ க்ரியா வெளியீடாக இருக்கிறது. இரைகொல்லிகளை மட்டும் ஆழமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு ரிஷத் நவ்ரோஜி 2006இல் வெளியிட்ட பெரிய நூல். விலையும் எடையும் அதற்கேற்ப. கூட்டாளிகள் வேண்டுமானால் 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது.

ஒவ்வொரு ஜனவரியும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பூங்காவிலோ மொட்டைமாடியிலோ கால் மணி நேரம் நின்று, கண்டதை எண்ணி இ-பேர்டு தளத்தில் போட்டால் சரி. வால் வெட்டு, இறக்கை நுனி, நேரம், மிதந்ததா அடித்துப் பறந்ததா, காக்கை துரத்தியதா, மைனா ஓடியதா என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். கரும்பருந்தா செம்பருந்தா என்று வால் தெரியாமல் போய்விட்டால் எதையாவது ஊகித்துப் போட வேண்டியதில்லை. இனம் தெரியாத இரைகொல்லிப் பறவை என்று பதிவதற்கும் அந்தத் தளத்தில் ஒரு வரி வைத்திருக்கிறார்கள்.